கிணற்றடி வாழைப்பாத்தியில் தானாக முளைத்த தானியம்: சாமையா, தினையா, வேறேதுமா?

செம்மண்வளவு, கோண்டாவில்:

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் கிணற்றடியில் ஒரு வாழைப்பாத்தி இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கிய கையோடு அதன் ஓரத்தில் புல் மாதிரிப் பத்துப் பன்னிரண்டு முளைத்து வந்தன. களை என்று நினைத்துப் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். மிச்சத்திலும் கை வைக்கப் போனபோது அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே சத்தம் போட்டார். "உது புல் இல்லைப் பிள்ளை, உதின்ரை நிமிர்வைப் பார், விதைச்சது மாதிரியெல்லோ நிக்குது." அவருக்கு 84 வயது, கண் இன்னும் நல்ல கூர்மை. சரியென்று ஆறு பயிரை விட்டுவிட்டேன்.

இப்போது கார்த்திகை. என் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. இலை சோளன் கன்றின் இலையைப் போலத்தான், ஆனால் ஒடுக்கம், ஒன்றரை விரல் அகலம் இருக்கும். தண்டிலும் இலையின் அடியிலும் வெள்ளை மயிர் நிறைய இருக்கிறது. காலையில் மழைத்துளி அந்த மயிரில் தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவ்வளவு அழகு. ஐந்து நாளைக்கு முன் கதிர் வெளியே வந்தது. கட்டாக இல்லாமல் விரிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து தொங்குகிறது. மணிகள் இப்போதைக்குப் பச்சை, வழவழப்பாக இருக்கின்றன. படங்கள் போட்டிருக்கிறேன், மழையில் எடுத்ததால் அவ்வளவு தெளிவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கதை. அம்மம்மா சாமை என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தினை என்று அடித்துச் சொல்கிறார். என் வீட்டுக்காரர், எருவோடு வந்த ஏதோ காட்டுப்புல் என்கிறார், ஏனென்றால் ஆவணியில் வன்னியிலிருந்து வந்த மாட்டெரு ஒரு லோட் அந்தப் பாத்திக்குப் போட்டோம். எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. போன வருட நவராத்திரிக் கும்பத்து மண்ணை, நவதானியம் முளைத்திருந்த மண்ணை, அந்தப் பக்கம்தான் கொட்டினேன். அதிலிருந்து ஏதும் வந்திருக்குமோ?

நான் இவ்வளவு மினக்கெட்டுக் கேட்பதற்குக் காரணம் அம்மம்மாதான். அவர் வேலணையில் பிறந்தவர். அவருடைய ஐயா வீட்டுக்குப் பின்னால் சாமை விதைத்ததையும், அந்தச் சாமைக் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனதையும் நினைவு தெரிந்த நாள்முதல் எனக்குச் சொல்லி வருகிறார். கதிரைப் பார்த்ததிலிருந்து தினமும் பின்னேரம் கிணற்றடிக்கு வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். சாமைதான் என்றால் முற்றியதும் அவருக்குக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் தெரியாத ஒன்றை 84 வயது வயிற்றுக்குள் போட எனக்கு மனமில்லை. இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்கா, கதிரை நீ எடு, தழையை என் ஆட்டுக்குத் தா என்கிறார். அதைக் கொடுக்கலாமா?

வழிப்போக்கன், சாவகச்சேரி:

படத்தைப் பார்க்க எனக்குக் கினிப்புல் மாதிரித் தெரிகிறது. வன்னி எரு என்றால் கட்டாயம் கினிப்புல் விதை வந்திருக்கும். எங்கள் காணியில் ஒருமுறை எரு போட்டு, மூன்று வருடமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். வேரோடு இப்போதே எடுத்துவிடுங்கள், விதை விழுந்தால் பிறகு உங்களால் ஏலாது.

நெடுந்தீவு மனுசன்:

பிள்ளை, அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். கினிப்புல் கதிரும் விரிந்துதான் இருக்கும், ஆனால் அதன் விதை பொடி, கையில் எடுத்தால் பதர் மாதிரிப் பாரமே இராது. உங்கள் படத்தில் மணி உருண்டு திரண்டு நிற்கிறது. அதோடு கினிப்புல் தூர் கட்டி ஆளுயரத்துக்கு மேலே போகும். இது தனித்தனியாக நிற்கிறது.

நான் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவன், வயது 77. எங்கள் வீட்டில் சாமையும் வரகும் குரக்கனும் போட்டோம், ஆகையால் கதிரின் அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். குரக்கன் என்றால் கைவிரலை மடக்கிப் பிடித்த மாதிரி நாலைந்து விரல் ஒரே இடத்தில் இருந்து கிளம்பும். வரகிலும் விரல் மாதிரி இரண்டு மூன்று கிளை வரும், ஆனால் மணி கிளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகப் பொத்தான் தைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தினை ஒரே கதிர், நரிவால் மாதிரி, மணிகளுக்கு இடையில் முள்மயிர் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்கிற தினை நிச்சயமாக இல்லை. உங்களுடையது போல விரிந்து தொங்குவது சாமை. அதனால் உங்கள் அம்மம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது, அவர் வெறுமனே சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. நாங்கள் போட்ட சாமைத் தண்டில் இவ்வளவு மயிர் இருந்ததாக நினைவில்லை. மணியும் இதைவிடச் சின்னன். அதனால் சாமை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் பயப்படுவது சரி. அந்தக் காலத்திலேயே மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகை எங்கள் அம்மா அடுப்பில் ஏற்ற மாட்டார். அதைத் தின்றால் தலைசுற்றி, வெறித்தவன் மாதிரி விழுந்து கிடப்பார்கள் என்பார். தானியம் நல்லதுதான், பூஞ்சணம்தான் நஞ்சு. உங்களுடையது எந்தத் தானியமாக இருந்தாலும் இந்த மழைக்குள் முற்றப்போகிறது, வெட்டியதும் நன்றாகக் காயவிடுங்கள்.

ஆட்டுப்பட்டி, அச்சுவேலி:

ஆட்டுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியை ஒருவரும் தொடவில்லை. அக்கா, என்ன பயிர் என்று தெரியும்வரை ஒரு இலைகூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னுடைய சினை ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய், வேலியோரம் தானாக முளைத்திருந்த இறுங்குக் குருத்தைத் தின்றுவிட்டது. பங்குனி வெயில், குருத்து வாடி முழங்கால் உயரத்துக்குத்தான் நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளாடியது, பிறகு விழுந்தது. அரை மணித்தியாலம்கூட இல்லை. மருந்துக்கு ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றில் இரண்டு குட்டி.

இளம் இறுங்கில் சயனைட்டாக மாறுகிற ஒரு பொருள் இருக்கிறது. முளைத்து இரண்டடி வரும் வரையும், தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும்போதும், வெட்டிய அடியில் இருந்து திரும்பத் துளிர்க்கும்போதும் அது கூடுதலாக இருக்கும். முற்றிய தட்டை நன்றாகக் காய்ந்த பிறகு அவ்வளவு ஆபத்தில்லை. உங்களுடையது இறுங்கு மாதிரித் தெரியவில்லை, இறுங்கென்றால் தண்டு கரும்பு மாதிரித் தடித்திருக்கும். இருந்தாலும் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் பறவைகள் போடுகிற எச்சத்திலேயே இறுங்கு முளைக்கும். வளவில் தானாக முளைத்ததெல்லாம் புல்தானே என்று நானும் நினைத்திருந்தேன்.

விதையும் சோதனையும், கிளிநொச்சி:

நான் விவசாயம் படித்துவிட்டு இப்போது பள்ளியில் அதையே படிப்பிக்கிறேன். படத்தை மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்வதற்கு முன் சில விஷயங்களை நீங்கள் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். மழைக்குள் எடுத்த படத்தை நம்பி ஒருவருடைய கஞ்சியைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் இலையைத் தண்டில் இருந்து மெதுவாகப் பின்னால் வளைத்து, அது தண்டைவிட்டுப் பிரிகிற மூலையை உள்பக்கமாகப் பாருங்கள். அங்கே ஒன்றுமே இல்லாமல் வழுக்கலாக இருக்கிறதா, சவ்வு மாதிரி இருக்கிறதா, அல்லது இமை மயிர் மாதிரி ஒரு வரிசை மயிர் இருக்கிறதா? ஒன்றுமே இல்லை என்றால் அது குதிரைவாலிக் குடும்பம். வயலில் நெல்லுக்குள் நெல் மாதிரியே ஒளிந்து நிற்கிற களைப்புல் இருக்கிறதே, அதுவும் அந்தக் குடும்பம்தான். நெல்லுக்கு அந்த இடத்தில் நீளமான நாக்கு இருக்கும், அந்தக் களைக்கு இராது. வயலில் களை பிடுங்குகிறவர்கள் அப்படித்தான் இரண்டையும் பிரித்து அறிகிறார்கள்.

அடுத்தது மணி. முற்றிய மணியாகப் பார்த்துப் பத்தை எடுத்து, பிள்ளையின் அடிமட்டத்தில் நீளவாக்கில் ஒன்றோடொன்று முட்ட அடுக்குங்கள். பத்தும் சேர்ந்து எத்தனை சென்ரிமீற்றர் வருகிறது? சாமை என்றால் இரண்டைச் சுற்றி வரும். மூன்று வந்தால் வேறு கதை.

மூன்றாவது, மணி முற்றத் தொடங்கும்போது கதிருக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்து லேசாகத் தட்டிப் பாருங்கள். காட்டுப்புல் என்றால் மணி பச்சையாக இருக்கும்போதே பாதி கொட்டிவிடும், அது தன் விதையைத் தானே பரப்பவேண்டும் அல்லவா. மனிதன் வளர்த்தெடுத்த தானியம் மணியைப் பிடித்துவைத்துக்கொண்டு நம்மைக் காத்திருக்கும். பல்லாயிரம் வருடம் கொட்டாத கதிரையே வீட்டுக்குக் கொண்டுபோய் அதையே திரும்ப விதைத்ததால் வந்த குணம் அது. உங்கள் அம்மம்மா நிமிர்வைப் பார்த்து "விதைச்சது மாதிரி" என்றாரே, அந்தக் கண் எனக்குப் பிடித்திருக்கிறது.

நவராத்திரி மண்ணைப் பற்றி: வழக்கமான நவதானியத்தில் நெல்லும் கோதுமையும்தான் புல் இனம், மற்றதெல்லாம் பயறு, உழுந்து, எள்ளு, கடலை வகை. கோதுமைக் கதிர் இப்படி விரியாது, நெல்லை நீங்களே அடையாளம் கண்டிருப்பீர்கள். ஆகவே அந்த மண் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்களா?

செம்மண்வளவு, கோண்டாவில்:

கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகன் நாலு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறான்! கூடு பின் விறாந்தையில். ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்தட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவுவான். கழுவின தண்ணீர் போகிறது நேரே வாழைப்பாத்திக்கு. இவ்வளவு நாளும் எருவையும் கும்பத்தையும் யோசித்தேனே தவிர இது மனதிலேயே வரவில்லை.

நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன். இலை பிரிகிற மூலையில் குட்டையான வெள்ளை மயிர் ஒரு வரிசை, தூரிகையை வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. தண்டைச் சுற்றியிருக்கிற மடல் முழுக்க மயிர், விரலை மேலிருந்து கீழே இழுத்தால் சுணைக்கிறது. மணி இன்னும் நன்றாக முற்றவில்லை, நுனியில் மட்டும் வெள்ளை கலந்த மஞ்சளாகி வருகிறது. அதில் பத்து எடுத்து மகனின் அடிமட்டத்தில் அடுக்கினேன், மூன்று சென்ரிமீற்றருக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. உதறிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று விழுந்தது.

பறவைத் தீன் பையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வெள்ளைக் கோப்பையில் கொட்டினேன். அதற்குள் மூன்று நாலு வகை இருக்கிறது. அதில் பளபளவென்று வெண்மையான, முட்டை வடிவ மணியும் நான் கதிரில் எடுத்ததும் ஒன்றுதான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கதிரில் எடுத்தது, எது பையில் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. இது என்ன?

விதையும் சோதனையும், கிளிநொச்சி:

பனிவரகு. சிங்களத்தில் மெனேரி என்பார்கள். பெயரில் வரகு இருக்கிறது, ஆனால் வரகுக்கும் இதற்கும் நேரடி உறவில்லை, சாமைக்குத்தான் இது உடன்பிறப்பு மாதிரி. இரண்டும் பானிகம் என்ற ஒரே பேரினம். உங்கள் அம்மம்மா ஆளை மாறிக் கண்டாரே தவிர குடும்பத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். மடல் முழுக்க மயிர், தொங்குகிற கதிர், மூன்று மில்லிமீற்றர் பளபளப்பு மணி, கொட்டாத குணம், பையில் அதே மணி. இவ்வளவும் ஒரே பக்கம் காட்டுகின்றன, எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

பறவைத் தீனில் இதுவும் தினையும் முக்கியமான சேர்மானங்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் தினைக் கதிரும் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சாமை இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த தானியம், பனிவரகோ வட சீனத்தில் 7,000 வருடங்களுக்கு மேலாகப் பயிராகிறது. குறைந்த தண்ணீரில் 60 முதல் 90 நாளுக்குள் முடிந்துவிடும், சிறுதானியங்களில் அவசரக்காரன் இதுதான். உங்கள் கணக்குக்கு மார்கழி நடுவில் அல்லது கடைசியில் வெட்டலாம்.

வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதன் கதிர் நுனியில் இருந்து கீழ்நோக்கி முற்றும். முழுக்கதிரும் நிறம் மாறும்வரை காத்திருந்தால் நுனி மணி விழுந்துவிடும். கதிரின் மேல் பாதி முற்றியதும் வெட்டி, கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

சாப்பிடலாம், மனிதர் காலங்காலமாகச் சாப்பிடுகிற தானியம்தான். ஆனால் பையில் இருப்பதை எடுத்துச் சமைக்காதீர்கள். அது பறவைக்கென்று அடைத்தது, பூச்சி பிடிக்காமல் இருக்க ஏதும் கலந்திருக்கலாம், சுத்தமும் அப்படித்தான். உங்கள் மண்ணில் விளைந்த மணி வேறு.

இன்னும் மனம் ஆறவில்லை என்றால் வேர், தண்டு, இலை, கதிர் எல்லாம் சேர்ந்த ஒரு முழுப் பயிரைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, பேராதனைப் பூங்காவில் இருக்கிற தேசிய உலர்தாவரகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். அது இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு நடை தூரம்தானே, அங்கே கேட்டாலும் சொல்வார்கள்.

மலையடிவாரம், திருவண்ணாமலை:

இந்தப் பக்கம் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லலாமா? ஆடு செத்த கதையைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் ஊர் ஆட்கள் யாராவது படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் இறுங்கு என்று சொல்வதைத்தான் நாங்கள் சோளம் என்கிறோம். நீங்கள் சோளன் என்பது எங்களுக்கு மக்காச்சோளம். ஆகவே தமிழ்நாட்டில் ஆடு வைத்திருப்பவர்கள் அந்த எச்சரிக்கையைச் சோளப்பயிருக்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

பனிவரகு எங்கள் மாவட்டத்தில் இன்னும் விதைக்கிறார்கள். அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் சாமை ஏக்கர் கணக்கில் நிற்கும். வீட்டில் உமி நீக்குவதுதான் சிரமம், மணி வழுக்கும். உரலில் ஒரேயடியாக ஓங்கிக் குத்தினால் மாவாகிவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, பத்து நிமிஷம் விட்டு, உலக்கையை எடுத்து எடுத்து மெதுவாகப் போடுங்கள். அப்புறம் புடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை. அரிசி லேசான மஞ்சளாக இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

செம்மண்வளவு, கோண்டாவில்:

பொங்கல் வேலைகள் முடிந்துதான் எழுத நேரம் கிடைத்தது. எல்லோருக்கும் நன்றி.

மார்கழி 10ஆம் திகதியளவில் ஒரு நாள் இரவெல்லாம் காற்றோடு அடித்த மழையில் இரண்டு பயிர் சாய்ந்துவிட்டன. வாழைநாரால் தடியோடு கட்டி நிமிர்த்தினேன். அதற்குள் குருவிகளும் புலுனிகளும் மணந்துபிடித்து வந்துவிட்டன. அம்மம்மா தன் பழைய நூற்சேலையைக் கிழித்துத் தந்தார், கதிர் கதிராகச் சுற்றிக் கட்டினோம். ஆறு நாள் கழித்து, மேல் பாதி வெளுத்ததும் வெட்டி அடுப்படிப் பரணில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். புகை படுகிற இடம், பூஞ்சணம் வராது என்று அம்மம்மா காட்டிய இடம் அது.

ஆறு பயிரில் வந்தது மொத்தம் கால் சுண்டு. அதில் ஒரு பிடியை விதைக்கென்று போத்தலில் போட்டுச் சாம்பல் கலந்து வைத்துவிட்டேன். மிச்சத்தைத் திருவண்ணாமலைத் தங்கை சொன்னபடி தண்ணீர் தெளித்துக் குத்தினேன். முதல் தரம் உலக்கை கொஞ்சம் பலமாக விழுந்து குறுணியாகிவிட்டது. இரண்டாம் தரம் அம்மம்மா என்னை எழுப்பிவிட்டு, நாற்காலியில் இருந்தபடி தானே உலக்கையைப் பிடித்தார். சுளகில் புடைத்தபோது உமி பறந்து, அடியில் வெளிர்மஞ்சளாகப் பொடி முத்து மாதிரி நின்றது. தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டுக் காய்ச்சினால் ஒரு கோப்பைக் கஞ்சி.

அம்மம்மா இரண்டு வாய் குடித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உது சாமை இல்லைப் பிள்ளை. சாமை இன்னும் மெல்லிசு, தொண்டையிலை தெரியாமல் இறங்கும்." பிறகு கோப்பையை வழித்துக் குடித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பனிவரகு என்று நான் அவருக்கு அதுவரை சொல்லவே இல்லை.

ஆட்டுக்குத் தழை கேட்ட அக்காவுக்கு அச்சுவேலித் தம்பியின் பதிவை வாசித்துக் காட்டினேன். அவர் வேலியோரத்தில் முளைத்திருந்த இரண்டு இறுங்குக் குருத்தை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்.

இப்போது எனக்கு வேண்டியது உண்மையான சாமை விதை, ஒரு பிடி போதும். யாரிடமாவது இருக்கிறதா? அம்மம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

நெடுந்தீவு மனுசன்:

இருக்கிறது பிள்ளை. தங்கச்சி வீட்டில் ஒரு சுரைக்குடுவையில் வைத்திருக்கிறாள், வருடாவருடம் கொஞ்சம் போட்டு விதையைப் புதுப்பித்துக்கொள்வாள். மாசியில் நான் குறிகட்டுவான் இறங்கி யாழ்ப்பாணம் வருவேன், அப்போது கொண்டுவருகிறேன். கையில் கிடைத்ததும் மண்ணில் போட்டுவிடாதீர்கள். புரட்டாதி முதல் மழைக்கு மண்ணைக் கிளறி, மேலாகத் தூவி, விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்து மூடினால் போதும், ஆழம் போனால் முளைக்காது. லவ் பேர்ட்ஸ் கழுவுகிற பக்கம் வேண்டாம், வேறு பாத்தியில் போடுங்கள். இரண்டும் கலந்தால் பிறகு பிரிப்பது பெரிய பாடு.